சொந்தக் காலில் அறுபத்திரண்டு படி

நாயுடுபுரம், கொடைக்கானல்
9 ஜூன் 2024

கூக்கால் மதினி அவர்களுக்கு,

உங்கள் நாத்தனார் விஜயராணி எழுதுவது. கவரில் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போடாமல் இதுவரை படித்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள்.

நாம் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், ஊர் முருகன் சன்னதியில் அத்தனை பேர் பார்க்க, "நீ உன் கால்ல நடந்து என் வாசலுக்கு வர்ற வரைக்கும் உங்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று நீங்கள் சூடத்தை அடித்து அணைத்தீர்கள். நான் மட்டும் இளைத்தவளா? இன்னொரு கட்டியைக் கொளுத்தச் சொல்லி, "நீங்க உங்க கால்ல நடந்து என் வாசலுக்கு வர்ற வரைக்கும் நானும் பேசமாட்டேன்" என்று அணைத்தேன். மற்றவள்தான் முதலில் வரவேண்டும் என்று இரண்டு பேருமே சத்தியம் பண்ணினால் யார்தான் வருவது? அந்த நேரத்தில் பூசாரிக்குக்கூட அது தோன்றவில்லை.

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தப் புத்தி வர எனக்கு ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

போன வாரம் செல்லப்பாண்டி கேரட் மூட்டையோடு வந்தான். "அம்மா வீட்டு முத்தத்தைத் தாண்டுறதில்ல அத்தை, முழங்கால் ரெண்டும் வில்லாட்டம் வளைஞ்சு போச்சு, வலது கால்தான் ரொம்ப மோசம்" என்றான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் எனக்கும் அதே வலது முழங்கால். ஹாஸ்டல் சமையல்கட்டில் இருபத்திரண்டு வருஷம் நின்ற சம்பளம். என் மகள் ஜெயப்பிரியா என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். முட்டி முழுக்கப் போகவில்லையாம், உள்பக்கப் பாதிதான் தேய்ந்திருக்கிறதாம். அந்தப் பாதியை மட்டும் மாற்றி வைக்கலாமாம். நல்லதாக இருக்கிற மறுபாதியையும் நரம்புகளையும் தொடமாட்டார்களாம்.

சிரிப்பு எதுவென்றால், டாக்டர் என்னைப் பார்த்துத் தயங்குகிறார். "ஐம்பத்திமூணுதான் ஆகுது, கொஞ்சம் சின்ன வயசும்மா" என்கிறார். என்னைச் சின்ன வயசு என்று ஒருத்தர் சொல்லி எத்தனை காலம் ஆச்சு.

நீங்களும் போய்க் காட்டுங்கள். அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் எடுத்துவிட்டீர்கள் என்ற கோபம் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. அது வேறு, இது வேறு.

விஜயராணி


கூக்கால்
22 ஜூன் 2024

ராணிக்கு,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். தபால்காரர் சந்தோஷ்குமார் மழையில் நனைத்துக் கொண்டுவந்திருந்தார். ஈரக் காகிதம் எரியாது என்று படித்துத் தொலைத்தேன்.

உனக்கு ஐம்பத்திமூன்று சின்ன வயசு என்றால் எழுபத்தாறுக்கு உன் டாக்டர் என்ன சொல்வார்? நேரே மயானத்துக்கு வழி சொல்வார். செல்லப்பாண்டியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "இந்த வயசுல எதுக்கும்மா கத்தி? உக்காந்த எடத்துல கஞ்சி வரல?" என்று கேட்கிறான். கஞ்சி வருகிறது. யார் இல்லை என்றது? நம் தோட்டம் மலைச்சரிவில் படிபடியாக ஏழு மடிப்பு என்று உனக்குத் தெரியும். நான் மூன்றாவது மடிப்புக்குக் கீழே இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மேலே நின்றுகொண்டு கீழே பூண்டு விளைகிறதா களை விளைகிறதா என்று மருமகளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அவளும் நான் எதைக் கேட்க ஆசைப்படுகிறேனோ அதைச் சொல்கிறாள்.

போன தீபாவளிக்கு இவன் ஒரு யோசனை சொன்னான். ஜீப்பில் நாயுடுபுரம் கொண்டுபோய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து உன் வீட்டுப் படியில் நாலு பேர் தூக்கி இறக்கிவிடுகிறோம், சத்தியம் தீர்ந்துவிடும் என்றான். கோயில்ல அடித்த சூடம் என்ன விளையாட்டா? உன் கால்ல நடந்து என்றுதான் நீ சொன்னாய். நாற்காலிக் காலைச் சொல்லவில்லை.

உன் அண்ணனை எடுக்கச் சொன்னது ஊர்க்காரர்கள். மழையைப் பார்த்து அவர்கள் சொன்னார்கள், எடுத்தார்கள். நான் ஒருத்தி என்ன செய்யமுடியும்? இதை எத்தனை தடவை சொல்வது?

குளிரில் வெறுங்காலோடு சமையல்கட்டில் நிற்காதே.

சின்னத்தாய்


நாயுடுபுரம்
7 ஜூலை 2024

மதினிக்கு,

கடைசி வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். மற்றதெல்லாம் வழக்கம்போலத்தான் இருக்கிறது.

மறுபடி மதுரைக்குப் போனபோது உங்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. எழுபத்தாறு வயசில் ஒருத்தர், மகா பிடிவாதக்காரர், சர்க்கரை கிடையாது, பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார், அவருக்கு இதைச் செய்யலாமா என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், செல்லப்பாண்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். "வயசு மட்டும் ஒரு காரணமே இல்லம்மா. இதயம், எலும்பு, ரத்தம் ஒழுங்கா இருந்தா எழுபத்தஞ்சு தாண்டினவங்களும் சின்னவங்க மாதிரியே வலி தீந்து நடக்குறாங்க. என்ன, தேறுறதுக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், ஆபரேஷன் நேரத்துல கூடக் கவனமாப் பாக்கணும். ஆனா வச்ச பாகம் பெரும்பாலும் அவங்க ஆயுசுக்கும் போதும். நான் யோசிக்கிறது உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான். இன்னும் முப்பது வருஷம் இருப்பீங்க, ஓடியாடி அதைத் தேய்ப்பீங்க, திரும்ப ஒருதடவ திறக்க வேண்டி வரலாம்."

கேட்டீர்களா? இந்த விஷயத்தில் கிழவிக்குத்தான் மவுசு. ஐம்பத்திமூன்று வயசுக்காரிக்குத்தான் ஆயிரம் நிபந்தனை. குனிந்து பளு தூக்காதே, உடம்பு எடையைக் குறை, வெரசா வேலைக்குப் போகாதே. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அக்டோபரில் நாள் வாங்கியிருக்கிறேன்.

உங்களுக்குத் துணிச்சல் இருந்தால் நீங்களும் வாங்குங்கள். யார் முதலில் மற்றவள் வாசலில் போய் நிற்கிறாள் என்று பார்த்துவிடுவோம். பஸ்ஸில் வருவதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். ரோட்டிலிருந்து என் வாசலுக்கு அறுபத்திரண்டு படி இறங்க வேண்டும், அதில் யார் கையையும் பிடிக்கக்கூடாது. உங்கள் ஊர்ப் பஸ் நிறுத்தத்திலிருந்து உங்கள் வாசலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சரிவு, அது என் பாடு.

விஜயராணி


கூக்கால்
18 ஆகஸ்ட் 2024

ராணிக்கு,

கிழவி என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும்.

மதுரைக்குப் போய் வந்துவிட்டேன். மலையை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டதால் வத்தலக்குண்டிலேயே வேர்த்துக் கொட்டிவிட்டது. செல்லப்பாண்டி வழி நெடுக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். உன் டாக்டர் வலது முழங்காலைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்துவிட்டு, உள்பக்கம்தான் போயிருக்கிறது, நரம்பெல்லாம் கயிறு மாதிரி இருக்கிறது, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். பதினாறு வயசிலிருந்து கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையோடு மேட்டில் ஏறியது, அப்புறம் ஐம்பது வருஷம் இங்கே பூண்டுக் காட்டில் ஏறி இறங்கியது என்றேன். இடது காலையும் பார்த்தார். அது இன்னும் தாங்குமாம்.

செல்லப்பாண்டி இடையில் புகுந்து, "சார், வயசு எழுபத்தாறு" என்றான். "உங்க வயசு என்ன தம்பி?" என்று அவர் கேட்டார். ஐம்பது என்றான். "பிரஷர் பாத்திருக்கீங்களா?" என்றார். நர்ஸ் அங்கேயே பார்த்தாள். என்னுடையதைவிட அவனுடையது கூட. திரும்பி வரும்போது வத்தலக்குண்டு வரை அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது நல்ல பயணமாக இருந்தது.

ஆனாலும் அன்று ராத்திரி சாப்பிடும்போது அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்திருக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிறான். நான் அவனிடம் சொன்னது இது: "ஏலே, படுத்துக்கெடந்து பத்து வருஷம் இருக்கதுக்கு, நடந்து ரெண்டு வருஷம் இருந்தாப் போதும்லே. எனக்கு ஒரு வாசல்ல போயி நிக்கவேண்டிய சோலி இருக்கு."

செப்டம்பர் 12 என்று நாள் குறித்திருக்கிறார்கள். பந்தயத்துக்குச் சரி. உன்னைவிட ஒரு மாசம் முந்திக்கொள்கிறேன், வயசுக்கு அந்தச் சலுகை உண்டு.

சின்னத்தாய்


கூக்கால்
5 செப்டம்பர் 2024

ராணி,

நாளை மறுநாள் மதுரைக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும். டாக்டர் தைரியம் சொன்னார்தான். என்றாலும் எழுபத்தாறு எழுபத்தாறுதான்.

உன் அண்ணனை எடுக்கச் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை. நான்தான்.

அன்றைக்கு வெள்ளனேயே மழை பிடித்துக்கொண்டது. நீ வருவாய் என்று நாலு மணி வரை வைத்திருந்தோம். ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது என்று சேதி வந்தது. ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. ஓடையைத் தாண்டித்தானே மயானம். ஊரில் பெரியவர்கள்கூட "தங்கச்சி வந்துரட்டும், காலைல பாத்துக்கலாம்" என்றார்கள். எனக்குத்தான் பயம் வந்துவிட்டது. ராத்திரி ஓடை இன்னும் பெருகினால் அவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயம். எடுங்க என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தூக்கிக்கொண்டு போன ஒரு மணி நேரத்தில் மழை விட்டுவிட்டது. அதற்கப்புறம் நீ முழங்கால் வரை சேற்றோடு, அண்ணனுக்குக் கோடி வேட்டியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் உன்மேல் பாய்ந்தேன். முன்னாலேயே கிளம்ப உனக்கு என்ன கேடு என்று கேட்டேன். பதினாறாம் நாள் அந்தச் சூடத்தை அடித்ததும் அதே வெட்கத்தில்தான்.

மூன்று வயசில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினேன். கண்டித் தோட்டத்து லயத்து வீட்டைப் பூட்டாமல் வந்தோம், உன்னை மட்டும் விடவில்லை. உன்னிடம் பொய் சொன்னது எனக்கு முழங்காலைவிட வலித்தது, ராணி.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

மதினி


நாயுடுபுரம்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வந்தது. படித்துவிட்டு ஹாஸ்டலுக்கு லீவு சொன்னேன். ரொம்பக் கோபம் வந்தது. ஒன்பது வருஷம் உங்களோடு சேர்த்து ஊர்க்காரர்களையும் திட்டியிருக்கிறேனே, அவர்களிடம் யார் போய் மன்னிப்புக் கேட்பது? பகல் முழுக்கத் திட்டினேன், சாயங்காலம் அழுதேன். மறுநாள் எழுந்தபோது, உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

அதனால்தான் பதினான்காம் தேதி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஆஸ்பத்திரி உங்கள் வாசலும் இல்லை, என் வாசலும் இல்லை. சத்தியம் அப்படியேதான் இருந்தது. வார்டில் நுழைந்தபோது நீங்கள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எட்டு வைத்துக்கொண்டிருந்தீர்கள். வெட்டிய இரண்டாம் நாள்! என்னைப் பார்த்ததும் இன்னும் நாலு எட்டு கூடுதலாக வைத்துக் காட்டினீர்கள். எனக்காகத்தான் என்று தெரியும்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், நீங்கள் சாப்பிட்டீர்கள். நீங்கள் பாதியை என் கையில் வைத்தீர்கள், நான் சாப்பிட்டேன். அந்த நர்ஸ் ஜெயப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு பேருக்குமே காது கேக்காதா?" என்று கேட்டிருக்கிறாள். கிளம்பும்போது உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

அந்தக் கோடி வேட்டி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

அக்டோபர் 22 எனக்கு. பந்தயம் பந்தயம்தான்.

உங்கள் ராணி


கூக்கால்
24 நவம்பர் 2024

ராணிக்கு,

ஜெயப்பிரியா போன் பண்ணி நீ மூன்றே வாரத்தில் வாக்கரை விட்டுவிட்டாய் என்று சொன்னாள். எனக்கு ஆறு வாரம் ஆனது. இளசு இளசுதான். ஒத்துக்கொள்கிறேன்.

என் சேதி இது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் காலை அழுத்தி, பத்து எண்ணி, விடுவது. தினம் மூன்று வேளை. எண்ணுவதில் எனக்கும் மருமகளுக்கும் சண்டை, அவள் வேகமாக எண்ணுகிறாள். முதல் மாசம் நடுச்சாமத்தில் வலி எடுக்கும், செல்லப்பாண்டி எழுந்து ஐஸ் வைப்பான். இரண்டாவது மாசம் வலி குறைந்தது. ஒருநாள் பால் கறக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தபிறகுதான், போகும்போது முழங்காலை நான் நினைக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்படியே தொழுவத்துச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன்.

படிக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தாளே, உனக்கும் சொல்லியிருப்பாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். அதை வைத்து மடிப்பு மடிப்பாக இறங்கினேன். நாலு நாளைக்கு ஒரு மடிப்பு, அதற்கு மேல் ஆசைப்படவில்லை. நேற்று ஏழாவது மடிப்பில் நின்றேன், ராணி. இரண்டரை வருஷத்துக்கப்புறம். மருமகள் பூண்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதெல்லாம் பொய், களை இடுப்பளவு கெடக்கு. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திட்டினேன். பக்கத்தில் நின்று திட்டி எத்தனை நாள் ஆச்சு என்று செல்லப்பாண்டி கையைத் தட்டுகிறான்.

குந்தி உட்காரக் கூடாதாம். முக்காலி போட்டு உட்கார்ந்து களை பிடுங்குகிறேன். அதனால் என்ன குறைந்துபோய்விட்டது.

நீ வெரசா நடக்கிறாய் என்று வெரசா வேலைக்குப் போய்விடாதே. டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும்.

மதினி


நாயுடுபுரம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடைசி வரி வந்து சேர்வதற்குள் நான் அதைச் செய்து முடித்துவிட்டேன்.

வலியே இல்லை மதினி. ஐந்தாம் வாரத்தில் கால் புதுசு மாதிரி இருந்தது. ஹாஸ்டலில் ஆள் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். நின்று மேற்பார்வை பார்க்கிறேன் என்றுதான் போனேன். இட்லிக் குண்டானை இரண்டு பிள்ளைகள் தூக்கத் தெரியாமல் தூக்கினார்கள். பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வாங்கி, தூக்கி, திரும்பினேன். முட்டி பலாப்பழமாக வீங்கிவிட்டது.

வைத்த பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையாம். பக்கத்து நரம்புதான் பிசகியிருக்கிறது. டாக்டர் திட்டின திட்டை எழுத முடியாது. "எழுபத்தாறு வயசுக்காரங்க ஒருத்தர் சொன்னதச் சொன்னபடி செஞ்சு காட்டுல எறங்கிட்டாங்க, நீங்க இட்லிப் பானை தூக்குறீங்க" என்றார். இப்படியே போனால் பத்து வருஷத்தில் மறுபடி திறக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

ஆறு வாரம் கட்டிலை விட்டு அதிகம் நகரக் கூடாது. இப்போது வீக்கம் குறைந்துவிட்டது, ஆனால் எனக்குத் தைரியம் போய்விட்டது. காலைக் கீழே வைக்கவே பயமாக இருக்கிறது. துண்டைச் சுருட்டி வைத்தால் கண்ணீர்தான் வருகிறது. ஜெயப்பிரியா பயிற்சி செய் செய் என்று கத்திவிட்டு வேலைக்குப் போகிறாள். உங்கள் வாசலுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நான் எங்கே நடக்கப்போகிறேன்? பந்தயம் முடிந்தது, மதினி. நாம் இப்படியே எழுதிக்கொண்டே இருந்துவிடுவோம்.

ராணி


நாயுடுபுரம், உன் படிக்கு மேலே டீக்கடை
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

என் ராணிக்கு,

இதில் தபால்தலை இல்லை என்பதைப் பார்த்திருப்பாய்.

உன் டிசம்பர்க் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். நான் படி ஏறிப் பழகிக்கொண்டிருந்தேன். நம் ஊர் முருகன் கோயிலுக்கு இருபத்தொரு படி. காலையில் மூன்று தடவை ஏறி இறங்கினால் அறுபத்துமூன்று, உன் வீட்டுக்கு ஒன்று கூடுதல். பூசாரி, "என்ன ஆத்தா, வேண்டுதலா?" என்று கேட்டார். அவர் தட்டில் அடித்த சூடத்துக்குத்தான் என்றேன்.

செல்லப்பாண்டி தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் போயிருக்கிறான். அவன் இருந்தால் ஜீப் என்பான், நாற்காலி என்பான். அவன் முருகனிடம் நடக்கட்டும், நான் உன்னிடம் நடக்கிறேன் என்று காலைப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மருமகள் மட்டும் கூட வந்திருக்கிறாள். டீ குடித்துக்கொண்டு மேலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன். என் கையைப் பிடிக்கக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாயே.

இங்கிருந்து பார்த்தால் உன் வீட்டு நீலக் கதவு தெரிகிறது. இனி எழுதுவதைக் கீழே வந்து எழுதுகிறேன்.

*

அறுபத்திரண்டு. எண்ணிவிட்டேன். நாற்பதாவது படியில் பாசி, பிளீச்சிங் பவுடர் போடச் சொல். இரண்டு தடவை நின்றேன், மூச்சுக்காக. முழங்காலுக்காக ஒரு தடவைகூட நிற்கவில்லை. உன் பக்கத்து வீட்டுப் பெண் கையை நீட்டினாள், வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு வருகிற சித்திரையில் எழுபத்தேழு. நான் ஜெயித்துவிட்டேன், ராணி. சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள். கடைசிப் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இப்போது கவனமாகப் படி. நான் என் காலில் நடந்து உன் வாசலுக்கு வந்துவிட்டேன். அதனால் உன் சத்தியம் தீர்ந்தது, நீ பேசலாம். ஆனால் என் சத்தியம் தீரவில்லை. நீ உன் காலில் நடந்து என் வாசலுக்கு வரும்வரை நான் பேச முடியாது. அதனால்தான் இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுக்கப் போகிறேன். முருகனை ஏமாற்ற என்னால் ஆகாது.

ஒரு வாரம் இங்கேதான் இருக்கப்போகிறேன். பையில் துண்டு கொண்டுவந்திருக்கிறேன். உன் முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைப்பேன், நீ அழுத்து. பத்து நீதான் எண்ண வேண்டும், எனக்குத்தான் வாய் இல்லையே. புகையில் போட்ட பூண்டும் இரண்டு கட்டு இருக்கிறது, ரசம் வைத்துத் தருகிறேன். ஒன்பது வருஷமாக என்னிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சொல். திட்டுவதாக இருந்தாலும் முழுசாகத் திட்டிவிடு. நான் பதில் பேச முடியாத நேரம் உனக்கு இனிமேல் கிடைக்காது.

பெட்டியில் இருக்கிற அந்தக் கோடி வேட்டியை மட்டும் எடுத்துத் தனியாக வை. நீ என் வாசலுக்கு நடந்து வருகிற அன்று, இரண்டு பேரும் ஓடையைத் தாண்டிப் போய் உன் அண்ணன் சமாதிமேல் போர்த்திவிட்டு வருவோம். அங்கே வைத்து அவரிடம் நான்தான் முதலில் பேசுவேன். உனக்காகக் காத்திருக்காமல் எடுக்கச் சொன்னதற்கு உன் முன்னாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது இருக்கிறது.

கதவைத் தட்டப்போகிறேன். நீ மெதுவாக எழுந்து வா, அவசரம் இல்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பேன். இப்போது என்னால் நிற்க முடியும்.

மதினி